குமரி நிலத்தை மேலிருந்து எடுக்க: ட்ரோன் பறப்பது முதல் படத்திருத்தம் வரை

ட்ரோன் கையில் வந்த முதல் வாரம் நான் எடுத்த படங்கள் அத்தனையும் ஒரே மாதிரி இருந்தன. 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்த தென்னந்தோப்பு, நடுவே ஒரு ரோடு. பொள்ளாச்சி என்றாலும் நம்புவார்கள், ஆலப்புழை என்றாலும் நம்புவார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் அடையாளம் அதில் ஒரு துளிகூட இல்லை.

குமரி மாவட்டம் சின்னது. பேச்சிப்பாறைக் காட்டோரத்திலிருந்து மணக்குடிக் கடல்வரை பைக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதற்குள் காடு, ரப்பர், வாழை, நெல்வயல், தாமரைக்குளம், உப்பளம், தென்னை, கடல் என்று நிலம் மாறிக்கொண்டே வரும். எல்லாம் பக்கத்தில் இருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஆசைதான் படத்தைக் கெடுக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கென்று ஒரு மாதம், ஒரு காற்று, ஒரு வெளிச்சம் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் 249 கிராம் எடையுள்ள சின்ன ட்ரோனே போதும். பிடிக்காவிட்டால் இரண்டு லட்ச ரூபாய் கேமராவும் உதவாது. ஆகவே கருவியைவிட நாள்காட்டிக்கும் காற்றுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் வேலை: எங்கே பறக்கலாம், எங்கே கூடாது

மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியாயின. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவையும் வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் தேவையில்லை. ஆனால் ரிசார்ட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ காசு வாங்கிக்கொண்டு மைக்ரோவை ஏற்றினால் சான்றிதழ் வேண்டும். ட்ரோனுக்கான பதிவு எண் இதிலிருந்து தனி விஷயம். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருப்பதால், பழைய ட்ரோனைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் பில்லையும் பதிவு எண்ணையும் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்கள் இருக்கும். பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. கிளம்பும் நாளன்று காலையில் அந்த வரைபடத்தைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். போன மாதம் பச்சையாக இருந்த இடம் இன்று பச்சையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

வரைபடம் சொல்லாத சங்கதிகளும் உண்டு. மாவட்டத்தின் வடக்கே மலைக்காடுகளில் பெரும்பகுதி 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகிறவர்கள் வனத்துறையிடம் எழுத்து அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது. அணைக்கட்டுகளும் அப்படித்தான். கன்னியாகுமரி முனையில் விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் எல்லாம் எப்போதும் ஆட்கள் நிறைந்த இடங்கள். காவல்துறையிடம் அனுமதி கேட்காமல் அங்கே ஏற்றாதீர்கள். வட்டக்கோட்டையைத் தாண்டி கிழக்கே போகப் போக கூடங்குளம் அணுமின் நிலையம் நெருங்குகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அனுமதி கிடைத்தாலும் நான் பறக்கவிடாத இடம் ஒன்று உண்டு: சுசீந்திரம் தேரூர் குளங்கள். 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை அது. ஐப்பசி தொடங்கி பங்குனி வரை வலசைப் பறவைகள் வந்து தங்கும். ஒரு ட்ரோன் சத்தத்துக்கு நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பும்போது படம் அழகாகத்தான் வரும். அந்தப் பறவைகள் இரை தேடிச் சேர்த்த வலுவைச் செலவழித்துத்தான் அந்த அழகு வருகிறது. கரையில் நின்று லென்ஸில் எடுங்கள்.

இன்னொன்று குளக்கரையும் ஆற்றுத்துறையும். நம்மூரில் இன்றும் பெண்கள் குளிக்கும் இடங்கள் அவை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை குளம் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். கரையில் ஆள் இருக்கிறார்களா என்று ட்ரோனை அனுப்பிப் பார்ப்பதும் தப்புதான்.

இரண்டாவது: நாள்காட்டி

நாஞ்சில்நாட்டு வயலுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் நட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ. இந்தக் கணக்கு தெரியாமல் வயலைப் படமெடுக்கப் போகிறவர், மண்டபத்துக்கு முகூர்த்தம் தெரியாமல் போனவர் மாதிரிதான்.

ஒரே வயல் மூன்று முறை முகம் மாறும். நடவுக்கு முன் தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்து வைத்திருக்கும் பத்துப் பதினைந்து நாள், வயல் முழுக்க வானத்தின் கண்ணாடி. நட்ட பிறகு ஒரு மாதம் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும். அதன்பிறகு பச்சை ஒரே கம்பளமாகிவிடும். இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. அறுப்புக் காலத்தில் ஒரு வயல் மஞ்சள், பக்கத்து வயல் பச்சை, அதற்கடுத்தது அறுத்த தாள் என்று நிறம் பிரிந்து நிற்கும். மேலிருந்து பார்க்க வரப்புகளின் கோடு துலங்குவது முதலிலும் கடைசியிலும்தான்.

இதில் சூரியனின் கணக்கும் சேர வேண்டும். தோவாளை, தாழக்குடி, பூதப்பாண்டி வயல்களுக்குப் பின்னணி தாடகை மலையும் மற்ற மலைத்தொடரும். அவை வடக்கே இருக்கின்றன. நாம் இருப்பது ஏறக்குறைய 8 பாகை வட அட்சரேகை. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடபுறம் இருக்கும். அந்த மாதங்களில் மலையை நோக்கிக் கேமராவைத் திருப்பினால், வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். மலை வெளிறித் தட்டையாகிவிடும். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தென்பக்கம், அதாவது நமக்குப் பின்னால். மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரியும். கும்பப்பூ படங்கள் கன்னிப்பூ படங்களைவிட நன்றாக வருவதற்கு இதுதான் காரணம். வடகிழக்கு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை கிடைத்தால் விடவே கூடாது. தூசி கழுவப்பட்டு மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல இருக்கும்.

கடலுக்கும் இதே சூரியன்தான். மார்கழியில் சூரியன் தென்மேற்கில் இறங்கும். அப்போது கன்னியாகுமரி முனையிலிருந்தே கடலுக்குள் விழுவதைப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் வடமேற்காக ஒதுங்கிவிடுவதால் முனையிலிருந்து பார்த்தால் கரைப்பக்கம் மறையும். முட்டத்தில் கரை வடமேற்காகத் திரும்புகிறது. அதனால் அங்கே எல்லா மாதமும் அஸ்தமனம் கடலில்தான். வெளியூரிலிருந்து மே மாதம் வந்து முனையில் நின்று ஏமாந்துபோகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சூரிய உதயம் வருஷம் முழுக்க 6 மணிக்கும் 6.45க்கும் நடுவில்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு காலம் ரப்பர் இலை உதிரும் நாள்கள். குலசேகரம், திருநந்திக்கரைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலைகள் செம்பும் மஞ்சளுமாகி உதிர்ந்து, பிறகு இளந்தளிர் விடும். ஒரே சரிவில் ஒரு பாத்தி சிவந்தும் அடுத்தது மொட்டையாகவும் அதற்கடுத்தது தளிர்ப்பச்சையாகவும் இருக்கும். நம் ஊரில் இலையுதிர்காலம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். தோட்டம் தனியாருடையது, ரப்பர் பால் எடுக்கும் வெட்டுக்காரரிடமோ முதலாளியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் தேங்காப்பட்டணம் பொழிமுகம். குழித்துறையாற்றின் செந்தண்ணீர் கடலுக்குள் விசிறிபோல் விரிந்து, நீலத்தோடு சேராமல் ஒரு கோடு போட்டு நிற்கும். மழை விட்டு வானம் வெளுத்த அரை நாள்தான் அதற்கான நேரம். புத்தளம், சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்கள் மாசியிலிருந்து வைகாசி வரை. திற்பரப்பு அருவிக்கு ட்ரோனே வேண்டாம். ஆட்கள் குளிக்கும் இடம், தரையில் ட்ரைபாட் வைத்தால் நல்ல படம் வரும்.

மூன்றாவது: காற்று

இந்த மாவட்டத்தில் ட்ரோன் தொலைவது பெரும்பாலும் காற்றினால்தான். மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று மலைத்தொடரின் இடைவெளியான ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருங்கிப் பாயும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதற்கு அதுதான் காரணம். வைகாசி தொடங்கி புரட்டாசி வரை அந்தப் பக்கம் சின்ன ட்ரோன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தரையில் சட்டை படபடக்கும் அளவு காற்று என்றால் 80 மீட்டர் உயரத்தில் அதைவிட வெகு பலமாக இருக்கும். காற்றாலைகளை எடுக்க ஆசை என்றால் மாசி, பங்குனிக் காலையில் போங்கள். பெரிய காற்றாலைகளின் இறக்கை நுனி 120 மீட்டரையும் தாண்டும். ஆகவே சட்டம் அனுமதிக்கும் உச்ச உயரத்தில்கூட நீங்கள் அதற்கு மேலே இல்லை. சுழலும் இறக்கையின் பின்பக்கம் காற்று குழம்பிக் கிடக்கும். நல்ல தூரத்தில் நின்று பக்கவாட்டில் எடுங்கள்.

கடற்கரையில் வேறு கணக்கு. விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். கட்டுமரக்காரர்கள் அந்தக் காற்றில் பாய் விரித்துத்தான் காலங்காலமாகத் தொழிலுக்குப் போனார்கள். வெயில் ஏறிய பிறகு கடல்காற்று கரைக்குத் திரும்பும். ட்ரோன்காரருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது: காலையில் ட்ரோன் கடலுக்குள் சர்ரென்று போய்விடும், பேட்டரி குறைவாகத்தான் செலவாகும். திரும்பும்போது எதிர்க்காற்று. நான் ஒரு மார்கழிக் காலையில் முட்டம் பாறைகளுக்கு அப்பால் 900 மீட்டர் அனுப்பிவிட்டு, 55 சதவீதத்தில் திருப்பினேன். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று எதிர்த்தது. கரையைத் தொடும்போது 9 சதவீதம். கைகள் அதன்பிறகும் பத்து நிமிடம் நடுங்கின.

அன்று பக்கத்தில் வலை உணக்கிக்கொண்டிருந்த பெரியவர் முன்பே சொல்லியிருந்தார்: “மக்ளே, கொண்டலு எழும்புது, அந்தச் சாமானத் தூர விடாத.” நான் செயலியில் காற்று குறைவாகக் காட்டுகிறது என்று இருந்துவிட்டேன். “இப்ப எறக்கிருதேன் அண்ணாச்சி” என்று வாயில் சொன்னேனே தவிர செய்யவில்லை. காற்றைக் காட்டும் விண்டி போன்ற செயலிகளைப் பாருங்கள், நல்லதுதான். ஆனால் கரையில் நிற்கும் மீனவர் சொன்னால் செயலியை மூடிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் எப்போதும் காற்றை எதிர்த்துப் போவது, காற்றோடு திரும்புவது. எதிர்த்துப் போக வழியில்லாத காலைக் கடலில் 300 மீட்டருக்கு மேல் போவதில்லை. 60 சதவீதத்தில் திருப்பிவிடுவது. 30 சதவீதத்தில் ட்ரோன் தலைக்கு மேலே இருக்க வேண்டும்.

கள்ளக்கடல் பற்றியும் சொல்ல வேண்டும். வானம் தெளிந்து காற்றில்லாத நாளில் தூரத்துக் கடலின் அலைகள் வந்து திடீரெனக் கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடுகிறது. அந்த நாள்களில் அலைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ட்ரோன் ஓட்டுகிறவருக்குக் கண் திரையில் இருக்கும், கால் கடலில் இருப்பது தெரியாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

நான்காவது: ஏற்றுவதும் இறக்குவதும்

மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. அங்கே மணலைக் காந்தத்தால் பிரித்தெடுக்கிறார்கள். ட்ரோன் மோட்டாருக்குள் இருப்பதும் வலுவான காந்தம். மணலில் நேரடியாக இறக்கினால் அந்தத் துகள்கள் மோட்டாரில் ஒட்டிக்கொண்டு, ஊதினாலும் போகாது. பாய் ஒன்று போதும். நான் பழைய கோரைப்பாயின் துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன். அதன் நான்கு மூலையிலும் கல் வைக்க மறக்காதீர்கள். திசைகாட்டியைச் சரிசெய்யும் வேலையைக் காருக்கு மேலோ, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலோ செய்யக் கூடாது.

ட்ரோன் தானாகத் திரும்பிவரும் உயரத்தை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக வையுங்கள். அது ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிடும் உயரம். வயலில் 50 மீட்டர் என்றால் தென்னைகளைத் தாண்டிவிடும். மலையடிவாரத்தில் நின்று மேலே அனுப்பினால் அதே 50 மீட்டர் மலையில்தான் முட்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் இதைக் கவனிக்க வேண்டும்: பறளியாற்றுக்கு மேலே 115 அடி, அதாவது சுமார் 35 மீட்டர் உயரத்தில் 1966இல் கட்டிய பாலம் அது. ஆற்றோரத்திலிருந்து ஏற்றிவிட்டு, திரும்பும் உயரத்தை 30இல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாலத்தில் ஆள்கள் நடப்பார்கள் என்பதால் அதன் மேலே பறக்கவே வேண்டாம். பக்கவாட்டில் மரங்களுக்கு மேலே நின்றாலே தூண்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

தண்ணீருக்கு மேலே ஐந்து மீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். அடியில் இருக்கும் சென்சார்கள் அசையும் நீரைத் தரை என்று எண்ணிக் குழம்பும். பருந்து வட்டமிட ஆரம்பித்தால் சட்டென்று இறக்கப் பார்க்காமல் நேர் மேலே ஏற்றுங்கள். அது மேலிருந்து பாய்ந்து அடிக்கும் பறவை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பு முழுக்கத் துடைக்க வேண்டும். உப்புக்காற்று கேமராவின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டும். மறுநாள் படம் மங்கலாக வந்த பிறகுதான் தெரியும்.

ஐந்தாவது: கேமரா அமைப்பு

எப்போதும் ரா கோப்பில், அதாவது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பில் எடுங்கள். டிஎன்ஜி என்று அமைப்பில் இருக்கும். ஜேபெக் மட்டும் எடுத்தால் கடலின் பளபளப்பும் தோப்பின் நிழலும் ஒரே படத்தில் தங்காது. ஐஎஸ்ஓ 100. வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். அப்போதுதான் பத்துப் படத்துக்கும் ஒரே நிறம் வரும், திருத்தும்போது வேலை பாதியாகும்.

வெளிச்சத்துக்கு ஹிஸ்டோகிராம்தான் ஆதாரம்; படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. வெயிலில் திரையை நம்பக் கூடாது. வலது ஓரத்தில் முட்டாமல், முடிந்தவரை வலப்பக்கம் இருக்கும்படி ஷட்டரை வையுங்கள். சூரியனை நோக்கி எடுக்கும்போது ஒரே படத்தில் அடங்காது. மூன்று அல்லது ஐந்து வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு பிறகு கணினியில் இணைக்கலாம். அலை உடையும் இடத்தில் அப்படி இணைக்காதீர்கள், நுரை இரட்டிப்பாகத் தெரியும்.

முட்டம் பாறைகளைச் சுற்றி நுரையைப் பட்டுபோல ஆக்க, உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். சூரியன் மறைந்தபின் 1/60 நொடி வருகிறது என்றால் என்டி 32 போட்டால் ஏறக்குறைய அரை நொடி கிடைக்கும். காற்றில்லாத நாளில் ட்ரோன் அரை நொடி அசையாமல் நிற்கும். ஐந்து எடுத்தால் இரண்டு கூர்மையாக வரும், அது போதும். தாமரைக்குளத்துக்கும் தெளிந்த நீருக்கும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் நல்லது. ஆனால் அதன் கோணத்தைத் தரையிலேயே திருப்பி வைத்துவிட வேண்டும், மேலே போனபின் மாற்ற முடியாது. பகல் நேரத்து நிலக்காட்சிப் படத்துக்கு வேறு ஃபில்டர் எதுவும் தேவையில்லை.

அகலக் காட்சிக்குப் பனோரமா. தானாக எடுக்கும் வசதி இருந்தாலும், வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு படத்திலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு வரும்படி நாமே திருப்பி எடுப்பது நிதானமாக இருக்கும்.

ஆறாவது: சட்டகம்

என் நல்ல படங்களில் பெரும்பாலானவை 25லிருந்து 60 மீட்டருக்குள் எடுத்தவை. அதற்கு மேலே போனால் மரம் புள்ளியாகும், மனிதர் காணாமல் போவார், நிலம் வரைபடமாகிவிடும். நேர் கீழே பார்க்கும் படத்துக்கு நிழல் வேண்டும். உப்பளத்தில் காலை எட்டு மணிக்கு முன் எடுத்தால் குவித்துவைத்த உப்பின் நிழல் நீளமாக விழுந்து, அது குவியல் என்று கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் வெள்ளை வட்டம்.

மலைப் பின்னணி வேண்டுமென்றால் கேமராவை 10லிருந்து 20 பாகை மட்டும் கீழே சாயுங்கள். உயரே ஏறும்போதெல்லாம் மலை தணிந்து போவதைக் கவனிப்பீர்கள். தாடகை மலை கம்பீரமாகத் தெரிய வேண்டுமானால் ட்ரோன் தாழ நிற்க வேண்டும்.

கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையை இழுப்பது, குமரிக் கடற்கரையில் மேலிருந்து பார்க்கத் தகுந்த காட்சி. இரண்டு கை கயிறும் கரையில் விரிந்து, வலை கடலில் பிறைபோல வளைந்து, இரு பக்கமும் ஆட்கள் சாய்ந்து இழுப்பார்கள். முன்னதாகப் போய், மடி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். வலை கரையேறும் பரபரப்பில் தலைக்கு மேலே சத்தம் போட்டுப் பறக்காமல், கடல்பக்கம் 40 மீட்டர் உயரத்தில் நில்லுங்கள். படத்தை அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

ஏழாவது: திருத்தம்

கணினியில் லைட்ரூம், காசில்லாமல் என்றால் டார்க்டேபிள். போனில் லைட்ரூம் மொபைலும் ஸ்னாப்சீடும் ராவைத் திறக்கும். பனோரமா இணைக்க ஹூகின் இலவசம். எந்த மென்பொருளானாலும் வரிசை ஒன்றுதான். தை மாதம் தாழக்குடியில் எடுத்த ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்: முன்னால் பாதி பழுத்த வயல், நடுவே ஒரு வாய்க்கால், பின்னால் மலை, மேலே மெல்லிய மேகம்.

முதலில் கோடுகள். லென்ஸ் திருத்தத்தைப் போட்டு, அடிவானத்தை நேராக்குங்கள். கடல் இருக்கும் படத்தில் அரைப் பாகை சாய்வுகூடக் கண்ணை உறுத்தும். மலை இருக்கும் படத்தில் அடிவானம் ஏமாற்றும். ஆகவே தென்னையோ மின்கம்பமோ எது நேராக நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்து வெளிச்சம். மேகத்தில் விவரம் திரும்பும் வரை ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான பகுதிகளைக் குறைத்தேன், சுமார் 50. நிழலை 20 அளவுக்கு மட்டும் ஏற்றினேன். பலர் இங்கே நிழலை முழுக்கத் தூக்கிவிடுவார்கள். அப்போது தோப்புக்குள் இருட்டே இல்லாமல் போய், படம் பிளாஸ்டிக் பொம்மைபோல ஆகும். தோப்பு என்றால் உள்ளே இருட்டு இருக்க வேண்டும். கறுப்பைச் சற்று இறக்கி அதைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

மூட்டத்தைக் குறைக்கும் டிஹேஸ் கருவியை முழுப் படத்துக்கும் போடாதீர்கள். மலையை மட்டும் மாஸ்க் போட்டுத் தேர்ந்து, அதற்கு மட்டும் 12 அளவு கொடுத்தேன். மலைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நீலம்தான் தூரத்தைச் சொல்கிறது. அதை முழுக்கத் துடைத்தால் மலை வயலின் மேல் ஒட்டவைத்த அட்டைபோல நிற்கும்.

நிறத்தில்தான் அதிக நேரம் செலவாகும். ட்ரோன் கேமராக்கள் நெற்பச்சையை நீலம் கலந்த பச்சையாகவும் மிதமிஞ்சியும் காட்டும். நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் ஹெச்எஸ்எல் பகுதியில் பச்சையின் சாயலை மஞ்சள் பக்கம் 10 முதல் 15 நகர்த்தி, செறிவை 20 குறைத்தேன். மஞ்சளின் ஒளிர்வைக் கொஞ்சம் கூட்டினேன். கதிர் பழுத்த இடம் தனியாக எழுந்து வந்தது. நாற்றுப்பச்சை, கதிர்ப்பச்சை, வாழைப்பச்சை, தென்னைப்பச்சை நான்கும் வேறு வேறு. எல்லாம் ஒரே பச்சையாகிவிட்டால் திருத்தம் தப்பாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு: எடுக்கும்போதே ஒரு பிடி இலையையோ மண்ணையோ போன் கேமராவில் நிழலில் படமெடுத்து வைப்பேன். வீட்டில் திருத்தும்போது அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன்.

பொழிமுகப் படங்களில் இந்தக் கவனம் இன்னும் தேவை. புதுவெள்ளத்தின் செம்பழுப்பை அழகில்லை என்று நினைத்து நீலமாக்கிவிடுகிறார்கள். மலையின் மண் கரைந்து வருவதைத்தான் அந்த நிறம் காட்டுகிறது; அதை மாற்றினால் எடுத்த படத்தையே அழித்ததுபோல. கடலின் நீலத்தையும் மாலத்தீவு நீலமாக்காதீர்கள். முட்டத்துக் கடல் மழைக்காலத்தில் சாம்பல் கலந்த பச்சை. அப்படியே இருக்கட்டும், பாறையின் நிறம் அதன் பக்கத்தில்தான் எடுப்பாகத் தெரியும்.

கடைசியாகச் சில்லறை வேலைகள்: வானத்தில் தூசிப் புள்ளி, வாய்க்காலில் மிதக்கும் பிளாஸ்டிக் கவர் ஒன்றிரண்டை நீக்குவது. மின்கம்பிகளை நான் படத்திலிருந்து நீக்குவதில்லை, அவை அந்த இடத்தில் இருக்கின்றன. இரைச்சல் குறைப்பு மிதமாக, கூர்மையாக்கல் கடைசியில். பிறகு கோப்பை மூடிவிட்டு மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். இரவு சரியாகத் தோன்றிய நிறம் பெரும்பாலும் காலையில் கூடுதலாகத் தெரியும். செறிவை ஐந்து குறைத்துவிட்டால் சரியாகிவிடும்.

எட்டாவது: வெளியே அனுப்புதல்

போனிலும் கணினியிலும் பார்க்க எஸ்ஆர்ஜிபி நிறவெளி, நீளப்பக்கம் 2048 பிக்சல் போதும். ராவைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஆண்டு, மாதம், ஊர் என்று கோப்புறை போட்டு வையுங்கள். கூடவே கன்னிப்பூவா கும்பப்பூவா என்று எழுதிவைத்தால் அடுத்த வருஷம் அதே நாளில் போய் நிற்கலாம்.

அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு. 12 மெகாபிக்சல் படம், அதாவது 4000க்கு 3000, அந்தக் கணக்கில் ஏறக்குறைய 13க்கு 10 அங்குலம் தாங்கும். சுவரில் மாட்டப் பெரிதாக வேண்டுமென்றால் பனோரமாவாக எடுத்து இணைத்த கோப்பைக் கொடுங்கள். ஸ்டுடியோவில் தானியங்கித் திருத்தம் எதையும் போடாமல் அப்படியே அச்சிடச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் பாடுபட்டுக் குறைத்த பச்சையை அவர்கள் இயந்திரம் திரும்ப ஏற்றிவிடும். முதலில் 4க்கு 6 அளவில் ஒரு மாதிரி எடுத்து, கடை ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சு எப்போதும் திரையைவிட இருண்டுதான் வரும். வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டி மறுபடி ஒரு மாதிரி எடுத்துப் பார்த்த பிறகு பெரிய அளவுக்குச் சொல்லுங்கள்.